சூரியனுக்கு முதுகு காட்டிய முதலாளி

ரைஸ்மில் முதலாளி சங்கரபாண்டியனுக்கு நெல்லில் ஈரம் பார்க்கத் தெரியுமே தவிர, படத்துக்கு வெளிச்சம் பார்க்கத் தெரியாது. அவர் மில்லில் மூட்டை தூக்கும் முத்திருளன் பத்து நாளைக்கு முன்னால் ஒரு கேமரா வாங்கினான். முதலாளிக்குப் பொறுக்குமா? காலையிலேயே அவனைக் களத்துக்கு வரச் சொன்னார்.

"பேனருக்கு என்னை எடுடா. தலைக்குப் பின்னால சூரியன் ஜொலிக்கணும். மூஞ்சியும் பளிச்சுன்னு இருக்கணும். கறுத்துச்சுன்னா உன் கேமரா கிணத்துல!"

முதல் படத்தில் மூஞ்சி கரிச்சட்டி.

"வெளிச்சம் முகத்துல விழணும் முதலாளி. சூரியனைப் பார்த்து நில்லுங்க."

"நான் எதுக்குடா திரும்பணும்? சூரியனைத் திரும்பச் சொல்லு!"

கூட நின்ற இரண்டு ஜால்ராக்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முத்திருளன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப எதிர்ல அகலமா ஒரு வெள்ளைத் துணி பிடிக்கணும். வெயில் அதுல பட்டு உங்க முகத்துக்கு வரும். இங்க அவ்வளவு பெரிய வெள்ளைத் துணி உங்க வேட்டிதான்."

பேனர் ஆசை யாரை விட்டது? அவிழ்த்துக் கொடுத்தார். ஜால்ராக்கள் விரித்துப் பிடித்தார்கள். முத்திருளன் இரண்டு படம் எடுத்தான். முதலில் காட்டியதில் மூஞ்சி எவர்சில்வர் தட்டாக மின்னியது.

"பிரமாதம்டா! அடுத்ததைக் காட்டு."

அடுத்த படத்தில் மேலே சூரியன், கீழே பட்டாபட்டி டிராயர்.

"இதை எதுக்குடா எடுத்தே?"

"ரெண்டு படமும் கேமராவிலேர்ந்து என் செல்லுக்கு வந்து, அங்கேர்ந்து என் வீட்டுக்காரி செல்லுக்குப் போயாச்சு முதலாளி. கேமரா நனைஞ்சா, பேனர்ல இதுதான் வரும்."

ஜால்ராக்கள் கையிலிருந்த வேட்டியாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.