உலகம்மையின் வசனம்

வைத்திலிங்கம் பதினெட்டு வருடங்களாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவர். மனைவி உலகம்மை இறந்து நான்கு வருடங்கள் கழித்து, ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன் மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். மடத்தின் குரு நீலாயி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரிடம்தான் வைத்திலிங்கம் தீட்சை வாங்கியிருந்தார்.

அம்மை அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன வைத்திலிங்கம், முகம் வாடியிருக்கு?"

"உலகம்மையோட குரல் போயிடுச்சும்மா."

"நாலு வருசம் ஆச்சுல்ல, மங்கத்தான் செய்யும்."

"மங்கலை. மாறிப்போச்சு. கண்ணை மூடினா வர்றா. வாயைத் திறந்தா நான் எழுதின வசனம் வருது. நேத்து வந்து, 'என்னங்க, இந்தத் தாலி என் கழுத்துல இருக்கிற வரைக்கும் நான் உங்க நிழலுங்க'ன்னு சொன்னா. அது என் சீரியல்ல பவித்ரா சொல்றது. முந்நூத்திப் பன்னிரண்டாவது எபிசோடு."

"உலகம்மை அப்படிப் பேசுவாங்களா?"

"பேச ஆரம்பிச்சா பாதியிலயே அவளுக்குச் சிரிப்பு வந்திடும்."

அம்மை ஒரு கொத்தை உருவிப் போட்டார். வைத்திலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் எழுதின பொம்பளைங்க நூறு பேர் இருப்பாங்க. பாதிப் பேர் அழுவாங்க. மீதிப் பேர் அவங்களை அழவைப்பாங்க. இப்ப அத்தனை பேரும் சேர்ந்து அவ இடத்துல வந்து நிக்கிறாங்க. அவ சொன்ன ஒரு வார்த்தை, அவ குரல்லயே, ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும். அதுக்கு என்ன வழி?"

"மணி பன்னிரண்டாச்சு," என்று அம்மை எழுந்தார். "உங்க கதையை மறுபடி போடுவாங்க. வாங்க."

அன்னக்கூடத்தில் ஒரு பழைய டிவி இருந்தது. அதன் முன்னால் சமையல் செய்யும் பேச்சியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதை எழுதறது இவருதான்," என்றார் அம்மை.

பேச்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் சார், அந்தப் பவித்ரா என்னைக்காவது உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்காளா? ஆறு வருசமா பரிமாறிக்கிட்டே நிக்கிறா."

"சாப்பிட்டா கதை நகராதும்மா."

"தூங்கும்போதும் அட்டிகை. கழுத்துல குத்தாதா?"

"அது என் கையில இல்லை."

பெண்கள் சிரித்தார்கள். திரையில் பவித்ரா கணவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் திரும்பினாள். அந்த ஒரு திரும்புதலை மூன்று தடவை காட்டினார்கள்.

அம்மை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். "இப்ப அவ என்ன சொல்றா?"

வைத்திலிங்கம் யோசிக்காமல் ஒப்பித்தார். "'ஒரு வாரிசு கொடுக்க முடியாத பாவி நான். இன்னொருத்தியைக் கட்டிக்கோங்க. இந்த வீட்டுல வேலைக்காரியா இருந்துட்டுப் போறேன்.'"

"செருப்பால அடிக்கணும்," என்றாள் பேச்சியம்மாள். யாரை என்று சொல்லவில்லை.

அம்மை டிவியை அணைத்தார்.

"உங்களுக்கும் பிள்ளை இல்லைல்ல?"

"இல்லை."

"கண்ணை மூடுங்க. உலகம்மை வரட்டும். வாயைப் பார்க்க வேண்டாம். கையைப் பாருங்க."

வைத்திலிங்கம் கண்ணை மூடினார்.

"என்ன பண்றாங்க?"

"புளி கரைக்கிறா. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. வளையலை மேல ஏத்திவிட்டிருக்கா."

"அப்புறம்?"

"சக்கையைப் பிழிஞ்சு போடுறா. கை கழுவுறா. சோறு போட்டுத் தட்டை வைக்கிறா." பிறகு தாழ்ந்த குரலில், "சொல்றா," என்றார்.

"என்ன சொல்றாங்க?"

"'ஏல, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.'"

"யார்கிட்ட?"

"யாரும் இல்லை. அவங்க ஊர்ல புருசனை நேராக் கூப்பிட மாட்டாங்க. பிள்ளைங்களை விட்டுத்தான் கூப்பிடுவாங்க. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால வெறும் சுவரைப் பார்த்துச் சொல்வா. பையன்னு நெனச்சா 'ஏல'ம்பா. பொண்ணுன்னு நெனச்சா 'ஏட்டி'ம்பா. இருபத்தாறு வருசம், தினம். நானும் போய் உக்காருவேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் குரல் போய்விடும் என்று பயந்தவர்போல இருந்தார்.

பேச்சியம்மாள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "விளையாட்டுக்குச் சொல்வாங்களா சார், இல்ல மனசு ஆறாமச் சொல்வாங்களா?"

"முதுகுதானே தெரியுது." வைத்திலிங்கம் தலையை அசைத்தார். "சீரியல்னா கேமரா சுத்திப் போய் முகத்தைக் காட்டிடும். அம்மா, நீங்க சொல்லுங்க. அவ சிரிச்சாளா, அழுதாளா?"

"நீங்க அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாமே."

"தட்டுல சோறு இருந்தது."

"ஆறினா ஆறட்டும்," என்றார் அம்மை. "எழுந்து போய்ப் பாருங்க."