புறப்படும் முன்பே வந்து சேர்ந்தவர்

அறுபத்தொரு வயதில் யோகரட்ணம் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு நாற்பத்தொரு வயது.

யோகரட்ணம் வவுனியாவில் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. காணாமல் போனவர்களைப் பற்றிய பதிவுகளைச் சேர்த்துவைக்கும் சிறிய தொண்டு நிலையம் ஒன்று ஊரில் இருந்தது. ஒருநாள் அங்கே போய், கணினி நிரல் எழுதப் பழக்குவீர்களா என்று கேட்டார். அங்கே நிரல் எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான். தயாபரி என்று பெயர். வன்னியில் கிளிநொச்சிப் பக்கம் பிறந்து, கொழும்பில் படித்து, நல்ல வேலை ஒன்றை விட்டுவிட்டு வந்தவர்.

முதல் நாளே தயாபரி அவரை ‘சேர்’ என்று அழைத்தார். அவர் தயாபரியை ‘ரீச்சர்’ என்றார். அதைப் பிறகு இருவரும் மாற்றவில்லை.

ஒன்றரை வருடம் கழிந்தது. யோகரட்ணத்தை நம்பி தயாபரி ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார். நிலையத்தில் பதினோராயிரத்துக்கு மேல் பதிவுகள். யார், எங்கே, எப்போது கடைசியாகக் காணப்பட்டார் என்பது ஒவ்வொன்றிலும் இருக்கும். ஆனால் நேரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் நாளை முதலில் எழுதுவார், ஒருவர் மாதத்தை. ஒருவர் 14.40 என்பார், இன்னொருவர் பின்னேரம் இரண்டே முக்கால் இருக்கும் என்பார். இவை எல்லாவற்றையும் கணினி ஒரே மாதிரி வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் ஒரு பதிவில் இருக்கிறவரும் இன்னொரு பதிவில் இருக்கிறவரும் ஒரே ஆள்தானா என்று ஒப்பிட முடியும். அந்த ஒப்பிடும் பகுதியைத் தயாபரி இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்திவைத்திருந்தார். ஏன் என்று சொல்லவில்லை. யோகரட்ணமும் கேட்கவில்லை.

நான்கு மாதத்தில் யோகரட்ணம் வேலையை முடித்தார். ஓர் இடம்தான் இடறியது. வெளிநாட்டிலிருந்து வந்த மின்னஞ்சல்களில் நேரத்தின் வாலில், அந்த ஊர்க் கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி தள்ளியிருக்கிறது என்பதும் ஒட்டியிருந்தது. கையால் எழுதிய கொப்பிகளில் அந்த வால் இல்லை. வெறும் மணி மட்டும். வால் இல்லாத நேரத்தைக் கணினி ஏற்றுக்கொள்ளாது. ஆகவே வால் இல்லாத எல்லாவற்றுக்கும் கொழும்பு நேரத்தை ஒட்டிவிட்டார். ஒரே வரிதான். இலங்கையின் கடிகாரம் எந்த ஆண்டு எந்த நாள் எவ்வளவு நகர்ந்தது என்ற சரித்திரம் முழுவதும் கணினிக்குள்ளேயே இருந்தது. நிரல் சரியா என்று பார்க்கும் சோதனைகள் அனைத்தும் பச்சை காட்டின.

அவர் குருவிடம் காட்டினார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“வால் இல்லாமல் வாற நேரத்துக்குக் கொழும்பைக் குடுத்திருக்கிறன். சரிதானே ரீச்சர்?”

தயாபரி அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். பிறகு மடிக்கணினியை மூடினார்.

“நாளைக்குக் காலமை வாங்கோ சேர். ஓரிடத்துக்குப் போவம்.”

மறுநாள் தயாபரியின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து போனார் யோகரட்ணம். நெளுக்குளம் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். அதன் சிற்றுண்டிச்சாலையை நடத்துகிற வசந்தமலர் என்ற பெண்ணைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். தயாபரியைக் கண்டதும் வசந்தமலருக்கு முகம் மலர்ந்தது. இருக்கக் கதிரை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றினார். என்ர அப்பாவைக் கண்டுபிடிச்சுத் தந்த பிள்ளை இவதான் என்று யோகரட்ணத்திடம் சொன்னார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நிலையத்துக்குப் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பவர் இவர்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

தயாபரி தேத்தண்ணியைத் தொடவில்லை. அப்பாவின் கதையைச் சேருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வசந்தமலர் சொன்னார். அப்பாவின் பெயர் நாகமணி. அறுபது தாண்டியதும் நினைவு தடுமாறத் தொடங்கியது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சண்டை நின்று வடக்குப் பாதை திறந்திருந்த காலம், ஆவணி மாதத்தில் ஒருநாள் சொந்த ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டை விட்டு வடக்கே வெளிக்கிட்டார். திரும்பி வரவில்லை. பிறகு மறுபடியும் சண்டை வந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு, இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, வசந்தமலர் நிலையத்தில் வந்து பதிந்தார். எல்லையின் தெற்குப் பக்கத்து அரசாங்கச் சோதனைச்சாவடியில் பஸ் ஏறியவரை அப்பாவின் தடம் இருக்கிறது, அதற்கு அப்பால் இல்லை என்று கணினி சொன்னது. அப்படியென்றால் அவர் வடக்கே போய்ச் சேரவில்லை, வழியில் இறங்கித் தெற்குப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். வசந்தமலர் ஆறு வருடம் தெற்கே தேடினார். குருநாகல், காலி, பதுளை என்று முதியோர் இல்லம் ஒன்று விடாமல் படத்தைக் கொண்டு திரிந்தார். பாஷையும் தெரியாது. பதினேழாம் ஆண்டுதான் தயாபரி வீடு தேடி வந்து, புதுத் தகவல் ஒன்று கிடைத்திருக்கிறது என்றார். அப்பா வடக்கே போய்ச் சேர்ந்து, அங்கே ஓர் இல்லத்தில் இருந்து, இல்லம் இடம்பெயர்ந்தபோது கூடவே போய், கடைசியில் மன்னாரில் இருந்திருக்கிறார். பதினான்காம் ஆண்டு மாசி மாதம் செத்துப்போனார்.

“கல்லறையாவது கிடைச்சுதே,” என்றார் வசந்தமலர்.

தயாபரி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதில் இரண்டு வரிகள் மட்டும் இருந்தன.

“அக்கா, புதுத் தகவல் எண்டு நான் சொன்னது பொய். இந்த ரெண்டு வரியும் பதினோராம் ஆண்டே எங்களிட்ட இருந்தது.”

பிறகு ஒரு தரம்கூட நிமிராமல் தயாபரி முழுவதையும் சொன்னார். முதல் வரி தெற்குச் சாவடியில் பஸ்காரர் எழுதிய கொப்பியில் இருந்தது. நாகமணி, வயது அறுபத்திரண்டு, ஏறியது பிற்பகல் இரண்டு நாற்பது. அடுத்த வரி வடக்குச் சாவடியில், வருகிறவர்கள் தங்கும் கொட்டிலில் எழுதிய கொப்பியில் இருந்தது. நாகமுனி, வயது அறுபத்திரண்டு, நினைவு சரியில்லை, இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். வந்தது அதே நாள், பிற்பகல் இரண்டு இருபத்தைந்து.

புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஒருவர் வந்து சேர முடியாது. ஆகவே இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று கணினி தள்ளிவிட்டது. பதினேழாம் ஆண்டுதான் தயாபரி பிழையைக் கண்டு, ஒப்பிடும் பகுதியை நிறுத்தியிருக்கிறார்.

யோகரட்ணம் தாளைப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு அது புரிய ஒரு நிமிடம் எடுத்தது. 

தொண்ணூற்றாறாம் ஆண்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அதைக் குறைத்து அரை மணி நேரம். சாவடிக்கு அப்பால், அரசாங்கத்தின் கையில் இல்லாத வன்னியில் இருந்தவர்கள் நகர்த்தவில்லை. பத்து வருடம் அந்தச் சின்னத் தீவில் இரண்டு நேரம் ஓடியது. சனங்கள் அதைப் புது நேரம், பழைய நேரம் என்றார்கள். தெற்குக் கொப்பி புது நேரம். வடக்குக் கொப்பி பழைய நேரம். நாகமணி பழைய நேரம் இரண்டு பத்துக்குப் புறப்பட்டு, கால் மணியில் போய்ச் சேர்ந்துதான் இருந்தார்.

வசந்தமலர் தாளை எடுக்கவில்லை. விரலால் மட்டும் தொட்டார்.

“இதில பழையது, புதுசு எண்டு ஒண்டும் எழுதியில்லையே.”

“இல்லை அக்கா.”

“அப்ப ரெண்டும் ஒரே நேரம் எண்டு ஆர் போட்டது?”

“நான் போட்டனான். ரெண்டுக்கும் கொழும்பு நேரத்தைப் போட்டனான்.”

உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வசந்தமலர் எழுந்து போய் அதை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

“பதினோராம் ஆண்டு அப்பா மன்னாரில இருந்தவரோ?”

“ஓம்.”

“இங்கயிருந்து ரெண்டு மணித்தியாலம்.”



வசந்தமலர் அழுவார் என்று யோகரட்ணம் நினைத்தார். அல்லது ஏசுவார் என்று. இரண்டும் நடக்கவில்லை. வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு வருசமா நான் என்னைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறன். ஊருக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே அப்பா போனவர். மகளா இருந்தும் வடக்குப் பக்கம் போய்ப் பாக்கேல்லையே எண்டு. இதை நீர் அண்டைக்கே சொல்லியிருக்கலாம், பிள்ளை.”

தயாபரியின் கண் நிறைந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. எனக்குத் துணிவு வரவில்லை அக்கா என்று மட்டும் சொன்னார்.

“தேத்தண்ணி ஆறிப்போச்சு. குடிச்சிட்டுப் போங்கோ,” என்றார் வசந்தமலர். அவர் குரலில் முன்பிருந்த இணக்கம் இல்லை. ஆனால் அவர்கள் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே, வேம்பின் கீழே தயாபரி ஸ்கூட்டியை நிறுத்தினார்.  சற்று நிற்போம் சேர் என்றார். இருவரும் நின்றார்கள்.

யோகரட்ணத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்கள் வன்னியில பிறந்தனீங்கள். பழைய நேரம் எண்டு ஒண்டு இருந்தது உங்களுக்குத் தெரியாதோ ரீச்சர்?”

“எங்கட வீட்டில ரெண்டு மணிக்கூடு இருந்தது சேர்.”

“பிறகேன்?”

“தெரியும். நினைக்கேல்ல.”

நீங்கள் கொழும்பு என்று எழுதும்போது அதை நினைத்தீர்களா என்று தயாபரி கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தெரிந்துகொள்ள விரும்புகிற குரல்.

யோகரட்ணத்தின் அக்கா அந்த வருடங்களில் கிளிநொச்சியில்தான் இருந்தார். கோயில் திருவிழாவுக்கு வரச் சொல்லி அக்கா கடிதம் எழுதுவார். காலை பத்து மணி, பழைய நேரம் என்று எழுதி அதன் கீழே கோடு போட்டிருப்பார். ஒருமுறை அதைக் கவனிக்காமல் போய், அரை மணி நேரம் முன்னதாகவே இறங்கிச் சந்தியில் நின்றிருக்கிறார். அந்த அக்கா இன்று உயிரோடு இல்லை. சண்டையின் கடைசி மாதங்களில் போய்விட்டார். கடிதங்கள் அலமாரியில் கிடக்கின்றன. அந்த ஒற்றை வரியை எழுதியபோது அவருக்கு அக்காவும் நினைவில்லை, கோடும் நினைவில்லை. கணினி கேட்டது, கொடுத்தார். பச்சை காட்டியது.

இதையெல்லாம் அவர் தயாபரியிடம் சொல்லவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

நிலையத்துக்கு வந்ததும் அவர் நேரே கணினியின் முன் அமர்ந்தார். அந்த வரியை அழித்தார். இரண்டு நேரமும் ஓடிய அந்தப் பத்து வருடத்துக்குள் அடங்கி, வால் இல்லாமல், எந்தப் பக்கத்து நேரம் என்று கொப்பியைப் பார்த்தும் தீர்மானிக்க முடியாமல் கிடக்கும் பதிவுகளை எல்லாம் தனியே பிரித்து எடுத்தார். அவை திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிரம்பின. இப்போது பச்சை இல்லை. எல்லாம் சிவப்பு.

தயாபரி கதவருகே நின்றார். தலைக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை.

“நானூற்றுப் பன்னிரண்டு பேர் ரீச்சர்,” என்றார் யோகரட்ணம். இதில் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், சிலர் கனடாவில், சிலர் எங்கே என்றே தெரியாது, சிலர் இருக்கிறார்களோ இல்லையோ என்றும் சொன்னார். அவர்களைத் தேடிக் கேட்க வருடக் கணக்கில் ஆகும் என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிக் குருவைப் பார்த்து, நேற்றுக் கேட்டதையே வேறு விதமாகக் கேட்டார். ஆனால் குரல் நேற்றைய குரல் அல்ல.

“இதுகளுக்கு இனி என்ன நேரத்தைக் குடுக்கிறது?”

தயாபரி அருகே வந்து, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையின் முதல் வரியைப் பார்த்தார்.

“இதை எழுதிக் குடுத்தவ எந்த ஊர் சேர்?”