பனிமலையின் பிடி தளர்ந்த கதை

அந்தக் காலத்தில், காற்றுக்கும் பனிக்கும்கூட வாய் இருந்தபோது, வடகடலில் மிதந்த பனிமலைகளுக்கு என்றைக்கும் ஒரே பலம்தான். குளிரடித்தாலும் சரி, வெயில் காய்ந்தாலும் சரி, ஒரு சில்லு பெயராது. பனிமலையின் உடம்பு கோடானுகோடி மணிகளால் ஆனது. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடிப்பதும் விடுவதும் மலையின் இஷ்டம்.

அவற்றில் வெண்கோடன் என்று ஒருவன். பேச்சில் பெரிய ஆள். அவன் மேல்தான் புள்ளிச்சி என்ற கடல்நாய் பிரசவத்துக்கு ஏறினாள். ஏறுமுன் முன்துடுப்பால் மூன்று முறை பனியைத் தட்டி வாக்குக் கேட்பது அவள் கூட்டத்தின் வழக்கம். அவளும் தட்டினாள்.

"வெள்ளை ரோமம் உதிர்ற வரைக்கும் குட்டிக்கு நீந்தத் தெரியாது. அதுவரைக்கும் தாங்குவியா அண்ணே?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட? திமிங்கிலமே வந்து மோதினாலும் அசைய மாட்டேன். நீ நிம்மதியா பெத்துக்கோ" என்றான் வெண்கோடன்.

குட்டி பிறந்தது. பன்னிரண்டாம் நாள், ரோமம் இன்னும் உதிரத் தொடங்கவில்லை, புள்ளிச்சி இரை தேடிக் கடலில் இறங்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து தென்றல் வந்தாள். வேலை வெட்டி இல்லாதவள்.

"ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பாக்கவே பாவமா இருக்கு. கொஞ்சம் கையைத் தளர்த்துங்க. உடம்புக்கு எவ்வளவு சுகம் தெரியுமா?"

யாராவது இதமாகப் பேசிவிட்டால் போதும், பெரிய மனிதர்களுக்குத் தாங்கள் கொடுத்த வாக்கு மறந்துவிடும். வெண்கோடன் மணிகளின் பிடியைத் தளர்த்தினான். சத்தமே இல்லாமல் ஓரம் பிளந்து கடலில் சரிந்தது. அந்த ஓரத்தில்தான் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

புள்ளிச்சி மடி கனக்கத் திரும்பினாள். குட்டியைக் காணோம். மூழ்கித் தேடி அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்தாள். அதற்கு மூச்சில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. குட்டியைப் பனியில் கிடத்திவிட்டு வெண்கோடனைப் பார்த்துக் கத்தினாள்.

"வாக்குக் குடுத்தியேடா. என் பிள்ளையை என்னடா பண்ணினே?"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? சும்மா கொஞ்சம் தளர்ந்தேன். ஒரு ஓரந்தானே போச்சு."

"உனக்கு அது ஓரம்" என்றாள் புள்ளிச்சி. துடுப்பில் ரத்தம் வழியும் வரை அவனை அடித்தாள். அவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. குளிருக்கு அதிபதியான வாடைக்காற்றைக் கூவி அழைத்தாள்.

வாடை வந்தான். கிடந்த குட்டியைப் பார்த்தான். "இவனைத் தூள் தூளாக்கிடவா?" என்று கேட்டான்.

ஆக்கு என்றுதான் அவள் மனம் கத்தியது. ஆனால் மலையின் மறுபக்கம் ஏழு தாய்மார்கள் குட்டிகளோடு படுத்திருந்தார்கள்.

"வேண்டாம் ஐயா. இவன் மேல இன்னும் பிள்ளைங்க இருக்கு. ஆனா பலம் இனிமே இவன் கையில இருக்கக்கூடாது. நீங்களே வச்சுக்குங்க. நீங்க இருந்தா இறுகட்டும், நீங்க விலகினா தளரட்டும். எப்ப நம்பலாம், எப்ப நம்பக்கூடாதுன்னு எங்களுக்காவது தெரியும். இன்னொண்ணு. என் பிள்ளையைச் சத்தமில்லாம கொன்னான். இனிமே உடையறதுக்கு முன்னாடி இவன் வாய்விட்டு அலறணும்."

வெண்கோடன் கெஞ்சினான். வாடை காதில் வாங்கவில்லை. வெண்கோடனின் நெஞ்சுக்குள் கையை விட்டுப் பனிமலை இனத்தின் பலத்தையே பிடுங்கினான். வெண்கோடன் போட்ட அலறலில் கடல் அதிர்ந்தது.

புள்ளிச்சியின் கோபம் அதோடு ஆறிவிடவில்லை. அதன் பிறகு சாகும்வரை அவள் எந்தப் பனியிலும் ஏறவில்லை.

அன்று முதல்தான் பனிமலை கடுங்குளிரில் பாறையாய் இறுகுகிறது, குளிர் குறையக் குறைய, உருகுவதற்கு முன்பே வலுவிழக்கிறது, பிளக்குமுன் ஓலமிடுகிறது. அந்த ஓலம் கேட்டதும் கடல்நாய்த் தாய்மார்கள், யார் பெற்ற குட்டி என்று பாராமல், ஓரத்தில் கிடப்பதையெல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள்.