கருமரம் பூசும் விதம்

பிள்ளை தூங்குகிற நேரத்தில் பூண்டு உரித்துக்கொண்டே எழுதுகிறேன். நாலு பல் உரித்தால் ஒரு வரி. தாளில் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை போடியில் நடக்கிறது. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கித் தெரு. அதன் கடைசியில் ஓர் அறை. அங்கே நூர்நிஷா வாசனைகளைக் கலந்து அத்தர் கூட்டுகிறாள்.

அவளுக்கு வயது இருபத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. அவளிடம் வேலை பழக வந்த பேச்சியம்மாளுக்கு முப்பத்தெட்டு. ரொம்ப வருஷம் தவம் கிடந்து பெற்ற கைக்குழந்தை அவள் இடுப்பில்.

குரு சின்னவள். சிஷ்யை பெரியவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

ஒருநாள் பேச்சி சொன்னாள்.

"டீச்சர், எனக்கு இந்த வேலை வராது."

"ஏன்க்கா?"

"எம்மேல எந்நேரமும் பால் வீச்சம். கிராம்பை மோந்தாலும் பால். தேவதாருவை மோந்தாலும் பால்."

"சரி."

"என்னத்த சரி? நாலு பேரு பக்கத்துல நிக்கவே கூச்சமா இருக்கு. அத்தர் பழகுற பொம்பளை மேல இப்படியா வீசும்?"

நூர்நிஷாவின் தோளில் பேச்சியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அசையாதபடி அவள் மெல்ல எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள்.

அதற்குக் கருமரம் என்று பெயர் வைத்திருந்தாள். மேலே மிளகும் கிராம்பும் ஏலமும். அடியில் சந்தனமும் அகிலும். கொஞ்சம்தான் கூட்டுவாள். தேடி வந்து கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பாள்.

"போட்டுக்கோ."

பேச்சி மூடியைத் திறந்து மோந்தாள்.

"இது ஆம்பளைங்க போடுறதுல்ல?"

"மிளகுகிட்டக் கேளு. ரசம் குடிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா உறைக்குது?"

"சரி. எப்படிப் போடணும்?"

நூர்நிஷா அலமாரியைச் சாத்தினாள்.

"டீச்சர், எப்படிப் போடணும்னு கேட்டேன்."

"போட்டுட்டு வா. அப்புறம் சொல்றேன்."

மறுநாள் காலை பேச்சி தெருமுக்கில் திரும்பும்போதே டீக்கடைக்காரர் கேட்டார்.

"என்ன ஆத்தா, யாரு வீட்டுல பிரியாணி?"

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் குழந்தை கத்திக்கொண்டிருந்தான். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

அறைக்குள் வந்ததும் குப்பியை மேஜையில் வைத்தாள்.

"விடிஞ்சதுலேர்ந்து பால் குடிக்கல டீச்சர். பக்கத்துல கொண்டுபோனாலே மூஞ்சியத் திருப்புறான். சங்குல பீச்சிக் குடுத்தேன், துப்பிட்டான். ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பினேன், காலு இங்க வந்துருச்சு."

நூர்நிஷா குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்து பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. நீ எங்கெங்க போட்ட?"

"கழுத்துல. காதுக்குப் பின்னாடி. நெஞ்சுல. சேலை முந்தியில."

"தேய்ச்சியா?"

"தேய்க்காம? சந்தனம் மாதிரி நல்லாத் தேய்ச்சு விட்டேன். அப்பவும் பால் வீசுற மாதிரியே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன்."

நூர்நிஷா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதி காலி.

"பால் வீச்சம் போச்சா?"

"போச்சு."

பேச்சி குழந்தையைப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடி அழுதுகொண்டிருந்தான்.

"இவனுக்கு என்னைய அடையாளம் தெரியல டீச்சர்."

நூர்நிஷா கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டாள். அவன் இரண்டு முறை விம்மினான். பிறகு அடங்கினான்.

பேச்சி காலியான தன் கைகளைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட அடங்குறான். பெத்தவ நான் இங்க நிக்கிறேன்."

"ம்."

"நீங்க எதையும் பூசுறதில்ல. அதான் வர்றான்."

நூர்நிஷா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவினேன். சேலையை மாத்தினேன். போகவே மாட்டேங்குது."

"மேல இருக்கிற மிளகும் கிராம்பும் போயிரும். அடியில இருக்கிற மரம் லேசுல போகாது."

"அதுவரைக்கும் இவன் பட்டினி கெடக்கவா?"

பேச்சி குப்பியை எடுத்துச் சுவரில் எறியக் கையை ஓங்கினாள்.

"எறியலாம்க்கா" என்றாள் நூர்நிஷா. "எறிஞ்சா இந்த ரூம் முழுக்க அதுதான் இருக்கும்."

கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

"புள்ளையக் குடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"போலாம். நானும் கூட வாரேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இப்படி உட்காரு."

பேச்சி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நூர்நிஷா குழந்தையை அவள் மடியில் கிடத்தினாள்.

உடனே வீறிட்டான். முதுகை வில்லாக வளைத்தான். காலால் அவள் வயிற்றில் உதைத்தான்.

வெளியே மூட்டை இறக்குகிற ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அவன் அழ அழ, பேச்சிக்குப் பால் சுரந்துவிட்டது. அது இவளைக் கேட்டுக்கொண்டா வரும்? ரவிக்கை நனைந்தது. நனைந்து வழிந்தது. அவள் அவமானத்தோடு பக்கத்தில் கிடந்த துண்டை இழுத்தாள்.

நூர்நிஷா அந்தக் கையைப் பிடித்தாள்.

"துடைக்காத."

"வடியுது டீச்சர். வெளிய ஆளு நிக்கிறாங்க."

"துடைக்காதன்னேன்ல."

காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

குழந்தை அழுதான். பேச்சியும் சத்தம் வராமல் அழுதாள். பால் வடிந்து ரவிக்கையில் ஊறி, பூசினது எல்லாவற்றின் மேலும் பரவியது. ஒரு கை பிடியில் இருந்தது. இன்னொரு கையில் பிள்ளை. அவளால் எதையும் மூட முடியவில்லை.

குழந்தையின் அழுகை நடுவில் ஒருதரம் நின்றது.

மறுபடி அழுதான். மறுபடி நின்றது.

மூக்கை அவள்மேல் வைத்துத் தேய்த்தான். அந்தப் பக்கம் திரும்பினான். இந்தப் பக்கம் திரும்பினான். எதையோ தேடுகிறவன் மாதிரி, கண்ணைத் திறக்காமலே.



பிறகு அறைக்குள் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அவன் முழுங்குகிற சத்தம்.

நூர்நிஷா கையை விட்டாள். பேச்சியின் மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்துப் பேச்சி கேட்டாள்.

"எப்படிப் போடணும்னு நேத்துக் கேட்டேன். நீங்க இன்னும் சொல்லல."

நூர்நிஷா குனிந்து குழந்தையின் உச்சந்தலையை மோந்தாள். குனிந்தபோது அவளுடைய கழுத்து பேச்சியின் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது.

பேச்சி மூச்சை இழுத்தாள்.

சந்தனம். அகில். எங்கேயோ ஒரு மிளகு.

"கருமரம்" என்றாள்.

"ம்."

"எப்பலேர்ந்து போடுறீங்க?"

"நீ இங்க வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து. தினமும்."

"எனக்கு ஒருநாளும் வாசம் வரலையே."

"இன்னைக்குத்தானக்கா நீ இவ்வளவு கிட்ட வந்த."

"இவன் உங்க தோள்ல தூங்குறானே."

"அவன்கிட்டக் கேளு."

பேச்சி கேட்கவில்லை. தலையைத் தாழ்த்திப் பிள்ளையின் தலையை மோந்தாள்.

பால்தான். பாலுக்கு அடியில் மரம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அந்தக் குப்பியைத் திறந்து, ஒரு விரலை மட்டும் அதன் வாயில் வைத்து, அந்த விரலால் எங்கே தொட்டாள் என்றால்—

"ஏத்தா, புள்ள முழிச்சு அழுகுது பாரு."

என் அத்தை கூப்பிடுகிறார்கள். கை முழுக்கப் பூண்டு. இந்தா வாரேன் அத்தை, கையைக் கழுவிட்டு, இல்ல, கழுவாமலே