துண்டுக்குள் ஒரு கை

“எவனோ ஓட்டைத் திருடிப்போட்டான், அம்மிணி. எவன்னு மட்டும் காட்டு. கையை ஒடிச்சு அடுப்புல வெச்சர்றேன்.”

கடைக்குள் நுழையும்போதே வையாபுரி இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். மாட்டுத் தரகர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததைவிடச் சாணியை மிதித்ததுதான் அதிகம். ஆனாலும் சந்தை முக்கில் செல்போன் பழுது பார்க்கும் மெஹராஜிடம் மாணவனாகச் சேர்ந்து, செல்போன் குழுவில் தானாகவே வேலை பார்க்கும் சாட்பாட் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். மகள் வயதுப் பெண்ணை ‘எங்க வாத்தியாரம்மா’ என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமே கிடையாது.

மெஹராஜ் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. “என்னங்கண்ணா ஆச்சு?”

ஆனது இதுதான். சந்தை பழைய மைதானத்திலேயே கூடுவதா, புறவழிச்சாலைக்குப் போவதா என்று தரகர்களின் செல்போன் குழுவில் ஓட்டு. ‘பழசு’, ‘புதுசு’ என்று அவரவர் தட்ட, வையாபுரி எழுதிய பாட் எண்ணிச் சேமித்துக்கொண்டே வந்தது. புதுசு ஜெயித்தது. பழசுக்காரர்கள் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். பாட் சொன்ன ஓட்டைவிடத் தலை அதிகமாக இருந்தது.

“நான் விலை போயிட்டேன்னு பேசறானுக. நாளைக்குச் சந்தையில எவன் என்ற துண்டுக்குள்ள கை வுட்டு விலை பேசுவான்? தரகனுக்கு நாணயம் போனா மாடுகூட மதிக்காது.”

“ஒரு ஓட்டு வந்தா உங்க பாட் என்ன பண்ணும்?”

“இருக்கற எண்ணை எடுக்கும். ஒண்ணு கூட்டும். திரும்ப வெக்கும். நீ சொல்லிக் குடுத்ததுதான்.”

மெஹராஜ் எழுந்தாள். சுவர்ப் பலகையில் பதினாறு என்று எண்ணால் எழுதினாள். பழுதுக்குக் கொடுத்த போனுக்காகக் காத்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டாள்.

“ரெண்டு பேரும் பாத்துக்கங்க. பாத்தாச்சா? பலகைக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. கூப்பிடறப்ப வந்து, நீங்க பாத்ததோட ஒண்ணு கூட்டி, இருக்கறதை அழிச்சு எழுதணும்.”

முதல் ஆள் வந்தான். அழித்தான். பதினேழு என்று எழுதினான்.

இரண்டாவது ஆள் வந்தான். பலகையை ஏறிட்டும் பார்க்காமல் துடைத்தான். அவனும் பதினேழு என்றே எழுதினான்.

“பதினெட்டு எங்கய்யா?” என்று வையாபுரி பாய்ந்தார்.

“நான் பாக்கறப்ப பதினாறுங்க. கணக்குல என்ற தப்பு என்னங்க?”

“ரெண்டு பேரு சேந்து பதினாறைப் பதினேழாக்கியிருக்கீங்க. உங்க ரெண்டு பேரையும் நம்பி எருமையைக்கூட எண்ணச் சொல்ல முடியாது.”

“இவங்கள்ல யாருங்கண்ணா திருடன்?” என்று மெஹராஜ் கேட்டாள்.

வையாபுரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்த்து வயதும், சுழியைப் பார்த்துக் குணமும் சொல்பவர். இந்த இரண்டு முகத்திலும் ஒரு குற்றமும் சிக்கவில்லை.

மெஹராஜ் அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள்.

“இது எதுக்குங்கண்ணா?”

“என்ன அம்மிணி, ஊருக்கே தெரியும். துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேச.”

“உள்ள ஒருத்தர் கை இருக்குது. அப்பவே இன்னொருத்தர் கையை நுழைக்கிறார். வுடுவீங்களா?”

“ஒதைப்பேன். மொதக் கை பேசி முடிச்சு வெளிய வரோணும். அப்பறந்தான் அடுத்த கை. ரெண்டு கை உள்ள இருந்தா எந்த விரல் எவன் விலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க பாட்ல துண்டு எங்கண்ணா?”

வையாபுரி பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டுப் போட்ட அன்று சந்தை கலைந்து, தரகர்கள் எல்லாரும் டீக்கடை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கிண்டலடித்தபடி ஒரே மூச்சில் ஓட்டைத் தட்டியது நினைவுக்கு வந்தது. “எல்லாக் கையும் ஒண்ணா உள்ள போயிருக்குது” என்று முனகினார்.

 

“போன ஓட்டு போனதுதானா?” என்று கேட்டார். 

“போகலைங்கண்ணா. குழுவுல தட்டினது தட்டினபடி, அவங்கவங்க பேரோட கிடக்குது.”

“அப்ப திருடினவனை…” என்று ஆரம்பித்து, அந்த பாட் எழுதிய தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார்.

மெஹராஜ் துண்டை அவர் மடியில் போட்டாள். கணினிக்கு எதிரே இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“அவன் கையை ஒடிச்சுப்போடாதீங்க, அதுக்கு வேலை இருக்குது. முதல்ல பாட் மேல துண்டைப் போத்தச் சொல்லுங்க. அப்பறம் குழுவுல கிடக்கற ஓட்டை ஒவ்வொண்ணா உள்ள வுட்டு எண்ணச் சொல்லுங்க. நாளைக்குச் சந்தை கூடறதுக்குள்ள அவனே சரி பண்ணியாகோணும்.”