ஃபியூஸுக்கு மாற்று ஆள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் பழைய ஜீப் ஒன்று இருந்தது. கடலில் இருக்கும் படகுகளைக் கரையிலிருந்து எச்சரிக்க அதில் ஒரு வயர்லெஸ் பெட்டி பொருத்தினார்கள். பொருத்தியவர் எலக்ட்ரீசியன் மரியசூசை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸை வைத்தார். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகரத்தில் துளை போட்டு வயரை உள்ளே கொண்டுவந்தார்.

"துளைக்கு ரப்பர் வளையம் போடணும். நாளைக்குக் கொண்டாறேன். அதுவரை வண்டிய எடுக்காத" என்றார்.

டிரைவர் டைட்டஸ் தலையாட்டினான். ஆனால் கடலில் ஏழு படகுகள் இருந்தன, காற்றும் மாறிக்கொண்டிருந்தது. மரியசூசை தெருமுனை திரும்பியதும் வண்டியை எடுத்துவிட்டான்.

"தகரம் என்னை அறுக்குது" என்றது வயர்.

"தாங்குற மட்டும் தாங்கு. மிஞ்சிப்போனா நான் பாத்துக்கிறேன்" என்றது ஃபியூஸ்.

"சும்மா உட்கார்ந்திருக்கிற உனக்கு என்ன வேலை?" என்றது பெட்டி. "கடல்ல இருக்கிறவன் என் பேச்சைத்தான் கேக்குறான்."

ஃபியூஸுக்குச் சுருக்கென்றது. அதற்குள் வயரின் தோல் கிழிந்து செம்பு தகரத்தில் பட்டது. பேட்டரிக்குக் கொடுக்கத்தான் தெரியும், இருந்ததையெல்லாம் கொட்டியது. ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து அதைத் தடுத்தது. பெட்டி ஊமையானது.

டைட்டஸ் பானட்டைத் திறந்தான். "இன்னைக்குப் போட்டது இன்னைக்கே போச்சு. மட்டமான சாமான்" என்று முனகினான். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை எடுத்து, செத்த ஃபியூஸைச் சுற்றி, அதே இடத்தில் செருகினான். வண்டி நின்றிருந்ததால் செம்பு தகரத்தை விட்டு விலகியிருந்தது; வயர்லெஸ் பெட்டிக்கு உடனே பேச்சு வந்தது.

"அளவு மீறினா நிறுத்துவியா?" என்று தாளுக்குள்ளிருந்து ஃபியூஸ் கேட்டது.

"நான் யாரையும் நிறுத்துறதில்ல. எனக்கெதுக்குப் பொல்லாப்பு?" என்றது வெள்ளித்தாள்.

"இவன்தான் வேலைக்காரன்" என்று பெட்டி மெச்சியது.

உப்பளத்துச் சாலையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. செம்பு மறுபடியும் தகரத்தில் பட்டது. "யாராவது என்னை நிறுத்துங்க" என்று பேட்டரி கெஞ்சியது. வெள்ளித்தாள் மரியாதையாக வழிவிட்டது. அறுந்து கிடந்த ஃபியூஸால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த வேதனைதான் அதற்குப் பெரிதாக இருந்தது. வயர் முழுக்கப் பற்றி, வண்டிக்கும் தீ பரவியது. படகுகளைத் திரும்பி வரச் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி பாதிப் பேச்சில் கருகியது. கரையில் எழுந்த புகையைப் பார்த்து ஏழு படகுகளும் தாமாகவே வந்து சேர்ந்தன. அது படகுக்காரர்களின் நல்ல காலம்.

மரியசூசை வந்து எரிந்த ஜீப்பைப் பார்த்தபடி நின்றார். டைட்டஸ் கரிக்குள் கையைவிட்டு வெள்ளித்தாளை எடுத்துக் காட்டினான்.

"உங்க ஃபியூஸ் அரை நாள்கூடத் தாங்கலண்ணே. இதைப் பாருங்க, கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகல."