கடலை ஓடு தைக்காத பொட்டலம்

ஆம்பல் குளத்தங்கரையில் சடையன் என்றொரு கரடி இருந்தது. அது பிடிக்கும் தினை உருண்டைக்கு அந்தக் காடே அடிமை. தினையை வறுக்கும், பாறைக்குழியில் கொட்டி இடிக்கும், தேன் ஊற்றிப் பிசையும், உள்ளங்கையில் வைத்து ஒரே அழுத்து. அவ்வளவுதான். உருண்டையைத் தேக்கிலையில் பொதிந்து தைப்பது பொன்னூசி என்ற தையல்சிட்டின் வேலை. அதற்கு அலகே ஊசி, இலவம்பஞ்சே நூல்.

கோடையில் குளம் வற்றிவிடும். மிருகங்கள் எல்லாம் மலையேறி மேல்சுனைக்குப் போகும். வழியில் ஒரு புல்கூடக் கிடைக்காது. அதனால் சடையனிடம் பொட்டலம் வாங்காமல் எதுவும் மலையேறாது.

அந்தக் காட்டில் பொட்டலத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒருவருக்கு அமுதாக இருப்பது இன்னொருவருக்குத் தொண்டையை அடைக்கும். மந்திக்கு எள் ஆகாது. நீர்நாய்க்கு, பாவம், நண்டு ஆகாது. கரடியின் வாசலில் நின்று தின்றால், "உள்ளே என்னப்பா போட்டிருக்கே?" என்று கேட்டுக்கொள்ளலாம். மலை உச்சியில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது யாரைப் போய்க் கேட்பது? ஆகவே அப்படிப்பட்ட பொருள் உள்ளே இருந்தால், அதன் அடையாளத்தை இலையின் வெளியே தைத்தாக வேண்டும். கடலை என்றால் கடலை ஓடு. எள் என்றால் எள்ளுக்காய். நண்டு என்றால் நண்டின் ஓடு.

ஒருநாள் காலையில் சடையன் நரி வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடலை இடித்தது. முடித்ததும் குழியை ஒரு கைப்பிடிப் புல்லால் துடைத்தது. பிறகு அதே குழியில் தினையை இடித்தது. காட்டெருது மந்தை அன்று மலையேறுவதாக இருந்தது. அதற்கான பொட்டலங்கள் அவை.

தைக்கக் குனிந்த பொன்னூசிக்குக் கடலை வாசனை அடித்தது.

"அண்ணே, இதிலே கடலை சேர்ந்திருக்கா?"

"சேர்க்கலை தங்கச்சி. கல்யாணத்துக்கு இடிச்ச குழி. துடைச்சிட்டேன். வெறும் வாசனைதான்."

"எதுக்கும் ஓடு தைச்சிடட்டுமா?"

"தைச்சுக் கெடுத்துடாதே. மந்தைத் தலைவர் குன்றனுக்குக் கடலை ஆகாது. ஓட்டைப் பார்த்தா அவர் தொடமாட்டார். அவர் தொடாததை மந்தையும் தொடாது. அப்புறம் கோடையிலே கல்லா இறுகிப் போன கறையான் புத்தை எனக்கு யார் முட்டி உடைச்சுத் தருவா? நீயா?"

பொன்னூசி தன் அலகைப் பார்த்துக்கொண்டது.

"வாசனைக்குப் பயந்தா வயிறு நிறையுமா? தை, தை."

இடித்தவருக்குத் தெரியாததா என்று எண்ணிக்கொண்டு அது ஓடு இல்லாமலே தைத்தது. காட்டெருதுகள் பொட்டலங்களைக் கொம்புகளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டன. கடைசியாகப் போனது குன்றன். அது நடந்தால் குளத்துத் தண்ணீர் அதிரும். அது மூச்சுவிட்டால் மூங்கில் வளையும்.

மந்தை போன பிறகு பொன்னூசி பாறைக்குழியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. குழிக்குள்ளிருந்து ஓர் எறும்பு எதையோ தூக்கிக்கொண்டு ஏறியது.

"என்ன சுமை?"

"கடலைத் தூள்" என்றது எறும்பு. "பாறை வெடிப்பு முழுக்க அப்பியிருக்கு. மழைக்காலம் வரைக்கும் எங்களுக்குக் கவலையில்லை. உன் அண்ணன் துடைக்கிற அழகுக்கு அவர் ரொம்ப நாள் நல்லா இருக்கணும்."

பொன்னூசி துள்ளி எழுந்தது. "அண்ணே, குழியிலே கடலை இருக்கு. நான் போறேன்!" என்று கத்திவிட்டுப் பறந்தது. சடையன் குழிக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் மலையேறத் தொடங்கியது.

மேலே, மொட்டைப் பாறையில் மந்தை இளைப்பாறிக்கொண்டிருந்தது. குன்றன் தன் பொட்டலத்தைக் கீழே வைத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தது. ஓடு இல்லை. இலையைக் கிழித்து உருண்டையை ஒரு நக்கு நக்கியது.

"துப்புங்க மாமா! யாரும் தின்னாதீங்க!" என்று கத்திக்கொண்டே பொன்னூசி வந்து இறங்கியது.

குன்றன் துப்பியது. ஆனால் அந்த ஒரு நக்கு உள்ளே போய்விட்டது.

முதலில் உதடு தடித்தது. கண்கள் இடுங்கின. பிறகு முன்னங்கால்கள் மடிந்தன. மலை போன்ற அந்த உடம்பு அப்படியே உட்கார்ந்துவிட்டது. புலி பாய்ந்தபோதும் மடங்காத கால்கள் அவை. மூங்கிலை வளைத்த மூச்சு இப்போது ஊசிக்கண்ணில் நுழையும் காற்றைப்போல மெல்லிசாக இழுத்தது.

மந்தை சுற்றி நின்றது. ஒரு வால்கூட ஆடவில்லை. எல்லாக் காதுகளும் அந்த ஒரு மூச்சின் மேல் இருந்தன. பொன்னூசி குன்றனின் மூக்கருகே உட்கார்ந்திருந்தது. காற்று வரும்போது அதன் இறகு லேசாக அசையும். வராதபோது அசையாது. ஓர் இறகு அசைவதற்காக இப்படி யாராவது ஏங்கியிருப்பார்களா என்று அது நினைத்தது. உயிர் என்பது இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு மெல்லிய நூலாலா தைக்கப்பட்டிருக்கிறது?

வெயில் சாய்ந்தது. இறகு அசைந்தது. மறுபடி அசைந்தது. பிறகு ஒரு பெருமூச்சு வந்து சிட்டைப் பின்னுக்குத் தள்ளியது. குன்றன் கண்ணைத் திறந்தது.

அதற்குள் சடையன் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தது.

"எவ்வளவு போச்சு உள்ளே?" என்று மெதுவாகக் கேட்டது.

"ஒரே ஒரு நக்குதான்" என்று பொன்னூசி கிழிந்த இலையை நீட்டியது. கரடி அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தது. கடலைத் தூள் ஒரு துளிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கரடி இலையைப் பார்த்தது. கீழே மலைபோல் கிடந்த குன்றனையும் பார்த்தது.

"மன்னிச்சிடுங்க மாமா" என்று பொன்னூசி அழுதது. "வாசனை வந்தும் நான் தைக்காம விட்டுட்டேன்."

குன்றனின் குரல் கரகரத்தது. "நான் உருண்டையை நம்பலை தாயி. அது உள்ளே இருக்கு, எனக்கெப்படித் தெரியும்? உன் தையலைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தேன்."

சடையனுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு காட்டெருதாகப் போய்க் கொம்பிலிருந்த பொட்டலத்தைத் தன் கையாலேயே கழற்றியது. "இதிலே கடலை பட்டிருக்கு. மறைச்சது நான்தான்" என்று ஒவ்வொன்றின் முகத்தைப் பார்த்தும் சொன்னது. கன்றுகளிடமும் சொன்னது. மந்தை அன்று பசியோடுதான் மேல்சுனைக்கு ஏறியது. ஆனால் குன்றன் முன்னால் நடந்தது.

நாம் அருகில் இல்லாத இடத்தில் நம்மை நம்பி ஒருவர் உண்ணும் உணவில், கண்ணுக்குத் தெரியாத அளவே கலந்திருந்தாலும், அதை மறைக்காமல் வெளியே சொல்லிவிட வேண்டும்.